சென்ட் ஸ்ப்ரேயும் ஒரு நோபல் பரிசும்

சென்ட் அடிக்கிற ஸ்ப்ரே ஒன்று. கடிகாரத்துக்கு விடுகிற எண்ணெய் கொஞ்சம். இந்த இரண்டையும் கடையில் வாங்கி வந்துதான் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

வாங்கி வந்தவர் ஹார்வி ஃப்ளெட்சர் என்ற மாணவர். 1909-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில், டாக்டர் பட்டத்துக்கு விஷயம் தேடி புரொபஸர் மில்லிகனிடம் போய் நின்றார். அங்கே தண்ணீர்த் துளிகளை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். பாழாய்ப்போன துளி, அளந்து முடிப்பதற்குள் ஆவியாகிவிடும்! எண்ணெயில் அந்தத் தொந்தரவு இல்லை.

மேலே ஓர் உலோகத் தட்டு, கீழே ஒன்று. மேல் தட்டில் ஊசித் துவாரம். எண்ணெயை ஸ்ப்ரே செய்தால் ஒன்றிரண்டு துளி அதன் வழியே இறங்கும். விழுகிற வேகத்தை ஸ்டாப் வாட்ச்சில் பார்த்தால் துளியின் எடையைக் கணக்குப் போடலாம். தட்டுகளுக்கு மின்சாரம் கொடுத்தால் துளி 'அபவுட் டர்ன்' அடித்து மேலே ஏறும்! ஏறுகிற வேகம் அதிலுள்ள மின்னூட்டத்தைச் சொல்லிவிடும்.

துளித் துளியாக அளந்தார்கள். எல்லாமே ஒரே எண்ணின் மடங்கு! கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஐந்து, பத்து, பதினைந்து என்றே நீட்டினால், ஊரில் ஐந்துக்குக் கீழே சில்லறை இல்லை என்றுதானே அர்த்தம்? மின்சாரத்தின் சில்லறை இப்படித்தான் பிடிபட்டது.

அப்புறம்தான் பாகப்பிரிவினை. ஃப்ளெட்சர் எழுதி வைத்திருப்பது இது: ஒரு நாள் மில்லிகன் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். பட்டத்துக்கான கட்டுரையில் மாணவர் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே வேறொரு கட்டுரை ஃப்ளெட்சருக்கு, எலெக்ட்ரான் கட்டுரை புரொபஸருக்கு என்றார். எது பெரிசு என்று ஃப்ளெட்சருக்குத் தெரியாதா என்ன? தலையாட்டினார்.

1910-ல் கட்டுரை மில்லிகன் பெயரில் வந்தது. 1923-ல் நோபல் பரிசும் வந்தது. எண்ணெய் யோசனை ரயிலில் வரும்போது தனக்கு உதித்ததாகச் சுயசரிதையில் எழுதினார் மில்லிகன்.

ஃப்ளெட்சர் பெல் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் ஸ்டீரியோ ஒலியில் பெயர் வாங்கினார். நடந்ததை எழுதி, 'நான் போன பிறகு வெளியிடுங்கள்' என்று நண்பரிடம் ஒப்படைத்தார். 1981-ல் மறைந்தார், 1982-ல் அது அச்சேறியது. அதில் புரொபஸர் மேல் துளிக்கூடக் கோபமில்லை!

மில்லிகன் 1913-ல் சொன்ன அளவிலும் சின்னத் தப்பு உண்டு, ஒரு சதவீதத்துக்கும் குறைவாக. அவர் எடுத்துக்கொண்ட காற்றின் பிசுக்குக் கணக்கு கொஞ்சம் பிசகு.

2019 மே 20 முதல் அந்த எண்ணை, தசமப் புள்ளிக்குப் பின் இத்தனை இலக்கம் என்று உலகமே கூடி நிலையாக்கிவிட்டது. இனி அதை அளக்க வேண்டிய வேலையே இல்லை.

பரிசில் யாருக்கு எத்தனை பங்கு என்பதைத்தான் இன்னும் யாரும் அளக்கவில்லை!