கோபாலனுக்கு ஒற்றை வேஷ்டி போதும்!

மன்னார்குடி ராஜகோபாலனுக்கு உடுத்துவதில் ஒரு கவலையும் இல்லை. இடுப்பில் ஒற்றை வேஷ்டி, தலையில் முண்டாசு, ஒரு காதில் குண்டலம், மறு காதில் தோடு என்று இடையன் கோலத்தில் சேவை சாதிக்கிறான். அவனுடைய ஊர்க்காரர்களும் வேஷ்டியும் நூல் புடவையுமாகவே காலத்தை ஓட்டிவிடலாம்.

ஆனால், சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய பெண், "ஜூலையில் புறப்பட்டு வாருங்கள்" என்று டிக்கெட்டும் அனுப்பிவிட்டால்?

"அம்மா, கம்பளி எடுத்துக்கொண்டு வா" என்கிறாள் தொலைபேசியில்.

"ஆனி ஆடியில் கம்பளியா? அங்கேயும் கோடைதானேடி!" என்கிறாள் தாயார். பெட்டி நிறைய நூல் புடவைகள் ஏறுகின்றன.

கோடைதான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஜூலை மாதப் பகல் வெப்பமே சுமார் 19 டிகிரி. இரவில் 12, 13. நம் மார்கழி விடியற்காலையே அதைவிட வெதுவெதுப்பு!

காரணம் கடல். கோடையில் கரையோரம் காற்று மேல் நீரை ஒதுக்கித் தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. ஈரக் காற்று அதன்மேல் பட்டதும் மூடுபனியாகிறது. உள்நாட்டுச் சமவெளியோ வெயிலில் தகிக்கிறது. அங்கே சூடான காற்று மேலே கிளம்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று பனியையும் இழுத்துக்கொண்டு கோல்டன் கேட் ஜலசந்தி வழியே பாய்கிறது. 1937ல் திறந்த புகழ்பெற்ற பாலமே கண்ணுக்கு மறைந்துவிடும். கப்பல்களை எச்சரிக்க ஊதுகொம்பு முழங்கும். உள்ளே வெயில் ஏற ஏற, கரையில் குளிர்!

நம் வயல்வெளிப் பனி பரம சாது. வெயிலைக் கண்டதும் ஓடிவிடும். அந்தப் பனியோ ஆடிக் காற்றைப் போன்ற காற்றோடு கைகோத்து வரும். மேற்கே சன்செட் பேட்டையில் பல் கிட்டும்போது, குன்றுகளுக்கு இப்பால் மிஷன் பேட்டையில் வெயில் பளீரென்று அடிக்கும்.

ஆகவே ஒரே கனத்த கோட்டு உதவாது. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக அணிய வேண்டும். உடம்பை ஒட்டி மெல்லிய முழுக்கைப் பின்னலாடை. அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். புடவைக்குள்ளும் கணுக்கால் வரை பின்னலாடை வேண்டும். வெறும் நூல் துணி ஈரம் கோத்தால் லேசில் உலராது. செருப்புக்குப் பதில் மேஜோடும் பூட்ஸும். காதை மூட ஒரு ஸ்கார்ப். குடை? வேண்டவே வேண்டாம். அங்கே கோடையில் மழை அநேகமாக இல்லை; காற்றோ குடையை மல்லாத்திவிடும்!

மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால், செப்டம்பரும் அக்டோபரும் உத்தமம். அந்த ஊருக்கு உண்மையான வெயில் காலம் அதுதான்.

இன்னொன்று: சால்வையைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் பூட்டிய கம்பளி விமான நிலைய வாசலில் உதவாது. பேரக் குழந்தையைக் கொஞ்சவென்று கடல் தாண்டிப் போய், முதல் நாளே ஜலதோஷம் பிடித்து, "கிட்டே வராதே கண்ணா" என்று தள்ளிப் படுக்க நேர்ந்தால், அதைவிட வேறென்ன வருத்தம் வேண்டும்?

கோபாலனுக்கு ஒற்றை வேஷ்டி போதும். அவன்தான் மன்னார்குடியை விட்டு எங்கும் போவதில்லையே!