தாத்தா கொண்டு வந்த கொடி!

"மச்சான், வீட்ல ஒரு கொடி இருக்குடா. அறுபதாயிரத்துக்கு ஆள் ரெடி. அசல்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்!"

விழுப்புரம் ஜங்ஷன் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பன் இப்படிச் சொல்ல, எனக்குப் புரையேறிவிட்டது. நான் படித்தது பி.காம். வவுச்சர் அசலா, போலியா என்று கேட்டால் சொல்லலாம். எப்போதோ பழைய நாணயம், ஸ்டாம்ப் பற்றி நாலு கட்டுரை எழுதிய பாவம்... கொடி வரை வந்து நிற்கிறது!

விஷயம் இதுதான். நண்பனின் தாத்தா மலேயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1946-ல் ஊர் திரும்பினார். திண்டிவனம் வீட்டு டிரங்க் பெட்டியில் ஒரு மூவர்ணக் கொடி. நடுவில் பாயும் புலி, மேலே 'ஆசாத்', கீழே 'ஹிந்த்'. புதுச்சேரியில் பழம்பொருள் விற்கும் ஒருவர் செல்போனில் படம் பார்த்தே விலை பேசிவிட்டார். நண்பனுக்கோ பெண்ணின் காலேஜ் ஃபீஸ் கட்ட இன்னும் பத்து நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்தோம். வழியெல்லாம், எனக்குத் தெரிந்ததை அவனுக்கு ஒப்பித்தேன்.

நேதாஜி, சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தது 1943 அக்டோபர் 21-ல். அந்த அரசு ஏற்றுக்கொண்டது ராட்டைக் கொடி. 1931-ல் காங்கிரஸ் முடிவு செய்த அதே காவி, வெள்ளை, பச்சை. நடுவே நீல நிற ராட்டை. அசோகச் சக்கரம் வந்ததெல்லாம் 1947 ஜூலை 22-ல்தான். ஆகவே 'யுத்த காலத்துக் கொடி' என்று யாராவது சக்கரம் போட்டதை நீட்டினால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

"நம்மள்துல புலிடா!" என்றான் அவசரமாக.

புலிதான் சிக்கல். ஜெர்மனியில் நேதாஜி திரட்டிய இந்தியப் படையினரின் சட்டைக் கையில் பாயும் புலிச் சின்னம் இருந்தது; மேலே 'சுதந்திர இந்தியா' என்று ஜெர்மன் மொழியில் எழுத்து. மலேயாவில் சேர்ந்த தாத்தா பெட்டியில் புலி இருந்தால் உடனே போலி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது தடவை பார்க்கத்தான் வேண்டும்.

மரக்காணம் ரோடு பக்கம் வீடு. நண்பனின் அத்தை, தாத்தாவின் மகள், எழுபதைத் தாண்டியவர், மோர் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். கொடி வந்தது. பார்த்ததும் எனக்கே சிலிர்த்தது, பொய் சொல்வானேன்!

முதலில் மடிப்புகள். பழைய துணி, மடித்த கோட்டில்தான் வெளுத்து நையும். தையலுக்கு உள்ளே மறைந்த இடத்தில் சாயம் பளிச்சென்று இருக்கும். பழசாக்கிக் காட்டுகிறவர்கள் டீத்தண்ணீரில் முக்கி எடுப்பதுண்டு. அப்படிச் செய்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பு. இதில் டீ வேலை இல்லை. நண்பன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு!

அடுத்தது, கேஷியர்கள் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு. ஜன்னலைச் சாத்திவிட்டு அடித்தேன். வெள்ளைப் பட்டை, நீலம் கலந்த வெண்மையாக ஜொலித்தது. துணியை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் பரவலானது யுத்தத்துக்குப் பிறகுதான். ஆனாலும் தீர்ப்பு சொல்ல முடியாது. சலவை பவுடரில் ஒரு தடவை துவைத்திருந்தால் பாட்டன் காலத்து வேட்டியும்தான் ஜொலிக்கும்.

கடைசியில் ஓரத்தில் தொங்கிய ஒரே ஒரு நூல். அத்தையிடம் அனுமதி வாங்கி, கத்தரித்து, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டினேன். பருத்தி நூல் என்றால் காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, குண்டூசித் தலை மாதிரி ஒரு கறுப்பு மணியாக நின்றது. பாலியஸ்டர்! இங்கிலாந்தில் 1941-ல் கண்டுபிடித்த சங்கதி. கடைக்கு வந்ததெல்லாம் யுத்தம் முடிந்த பிறகு. துணிப் பஞ்சத்தில் தவித்த மலேயாவுக்கு அது எங்கே வந்திருக்கப் போகிறது?

"அப்ப தாத்தா பொய் சொன்னாரா?" நண்பனின் குரல் கம்மியது.

அதுவரை பேசாமல் இருந்த அத்தை வாயைத் திறந்தார். "அவரு எங்கடா சொன்னாரு? நீயா சொல்லிக்கிட்ட. அப்பா வரும்போது கட்டியிருந்த துணி தவிர ஒண்ணும் கொண்டாரல. கேம்ப்லயே எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டான் வெள்ளைக்காரன். நேதாஜிக்கு நூறாவது பொறந்த நாள் வந்துதே, தொண்ணூத்தேழுல... அப்ப அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல. கொடி பாக்கணும்னு அழுதாரு. நான்தான் டெய்லர்கிட்ட குடுத்து தைச்சு வாங்கினேன். புலி, பெயின்டர் ஏதோ புஸ்தகத்தைப் பாத்துப் போட்டது."

யாரும் பேசவில்லை. சென்னை கோட்டை மியூசியத்தில், 1947 ஆகஸ்ட் 15-ல் கோட்டையில் ஏற்றிய பட்டுக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. ஏனோ தெரியவில்லை.

நண்பன் வெளியே போய்ப் புதுச்சேரிக்குப் போன் போட்டு, உள்ளதைச் சொன்னான். பதில் ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. "பரவால்ல ஸார், முப்பது தர்றேன். அந்த நூல் சமாசாரத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க!"

முப்பதாயிரம்! நண்பன் என்னைப் பார்த்தான். நான் மோர் டம்ளரைப் பார்த்தேன். அத்தை கொடியை நாலாக மடித்து டிரங்கில் வைத்தார்.

"ஃபீஸுக்கு என் வளையலை வச்சுக் கட்டுடா. ஜனவரி இருபத்திமூணுக்கு எனக்கு இது வேணும்."