தேனீ தூரத்தை எப்படி அளக்கிறது?

பிள்ளைகளே, நம் திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஏறும்போது எவ்வளவு தூரம் வந்தோம் என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒன்று, படியை எண்ணுவீர்கள். இல்லாவிட்டால் கால் வலிப்பதை வைத்துச் சொல்வீர்கள். படியும் மைல்கல்லும் இல்லாத வானத்தில் பறக்கும் தேனீ என்ன செய்யும்?

அதற்குத் தூரம் தெரிந்தே ஆகவேண்டும். ஆந்திர எல்லைப் பக்கத்து மாந்தோப்பில் பூவைக் கண்டு திரும்பும் தேனீ, கூட்டுக்குள் உடலை ஆட்டி ஆட்டி ஒரு நடனம் ஆடும். அதிக நேரம் ஆட்டினால் அதிக தூரம் என்று பொருள். மற்ற தேனீக்கள் அதை நம்பித்தான் கிளம்பும். இந்த நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-ல் நோபல் பரிசு பெற்றார். பறந்த களைப்பை வைத்தே தேனீ தூரத்தைக் கணக்கிடுகிறது என்று அக்காலத்தில் நினைத்தார்கள். நம் கால்வலிக் கணக்குதான்!

அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் எம்.வி. ஸ்ரீனிவாசன். பெங்களூரில் மின்பொறியியல் படித்தவர். ஆஸ்திரேலியாவில் தேனீக்களின் பார்வையை ஆராய்ந்தார். (என்ஜினீயருக்குத் தேனீயோடு என்ன வேலை என்கிறீர்களா? அவர் கண்டறிந்தவை பின்னர் பறக்கும் இயந்திரங்களுக்கு வழிகாட்ட உதவின.)

அவரும் உடன் ஆராய்ந்தவர்களும் குறுகலான ஒரு சுரங்கப்பாதை செய்தார்கள். நீளம் ஏறக்குறைய 6 மீட்டர், அகலம் வெறும் 11 செ.மீ. உட்சுவர் முழுக்க ஒழுங்கில்லாத கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். உள்ளே சர்க்கரைத் தண்ணீர். குடித்துவிட்டுக் கூடு திரும்பிய தேனீக்கள், கிட்டத்தட்ட 200 மீட்டர் பறந்தது போல ஆடின!

ஏன் அப்படி? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். சாலையோரப் புளியமரங்கள் விர்ரென்று பின்னால் ஓடும். தூரத்து மலை மெல்ல நகரும். சுரங்கத்தில் சுவர் மிக அருகில் இருந்ததால், தேனீயின் கண்முன் காட்சி வேகமாக ஓடியது. 'நிறைய ஓடியது, ஆகவே நிறையப் பறந்தேன்' என்று அதன் மூளை கணக்குப் போட்டுவிட்டது. பிறகு கட்டங்களுக்குப் பதில் நீளவாக்கில் கோடுகள் போட்டார்கள். நீளக்கோட்டின் பக்கத்தில் பறந்தால் காட்சி மாறாதே! உடனே 'சாப்பாடு பக்கத்தில்தான்' என்று ஆடின. இந்த ஆய்வு 2000-ம் ஆண்டு வெளியானது.

இத்தனையும் எள்ளளவு மூளையில், சுமார் 10 லட்சம் நரம்புச் செல்களைக் கொண்டு! பிறந்தவுடன் வந்துவிடும் திறமையும் அல்ல. முதன்முதலாக வெளியே வரும் இளந்தேனீ நேரே பறந்து போகாது. கூட்டைத் திரும்பிப் பார்த்தபடி காற்றில் நின்று, பிறகு சுற்றிச் சுற்றிப் பறந்து அக்கம்பக்கத்தை மனப்பாடம் செய்யும். இரை தேடும் பருவத்தில், மூளையில் காளான் வடிவத்தில் உள்ள நினைவுப் பகுதி பெரிதாகிறது.

அந்த நினைவு கெட்டால்? 2012-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் தேனீக்களின் முதுகில் மிகச்சிறிய ரேடியோ அட்டை ஒட்டி, தயாமெத்தாக்சாம் என்ற பூச்சிமருந்தைச் சாகாத அளவுக்குக் கொடுத்து, தொலைவில் விட்டார்கள். மருந்து குடிக்காதவற்றைவிட இவற்றில் அதிகமானவை கூடு திரும்பவில்லை. நம் நாட்டில் மாமரத்துத் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று. செடிக்குள் ஊறி, பூந்தேன் வரை வந்துசேரும். ஐரோப்பிய யூனியன் 2018-ல் இதைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. தோப்பு வைத்திருக்கும் தாத்தாவோ மாமாவோ இருந்தால், பூ விரிந்திருக்கும்போது என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.