கிளட்ச் தேய்வதை அறிந்துகொள்வது எப்படி?

சங்கத்திற்குச் சொந்தமாக ஒரு சிறு சுமை வண்டி இருப்பது பல ஊர்களில் இன்று இயல்பாகிவிட்டது. பாவும் ஊடைநூலும் தறிக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சேருவதும், நெய்த துணி கிடங்கிற்கு வருவதும், விளைபொருள் சந்தைக்குச் செல்வதும் அவ்வண்டியைக் கொண்டே நடைபெறுகின்றன. ஆனால் அவ்வண்டி நோயுறும்போது அதன் அறிகுறிகளைக் கண்டுகொள்ளும் பழக்கம் நம் நிர்வாகக் குழுக்களுக்கு இன்னும் ஏற்படவில்லை. இதனால் விளையும் தீங்கு பணநஷ்டம் மட்டுமன்று என்பதை நாம் நேரில் கண்டோம்.

கொங்கு நாட்டில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். அச்சங்கத்து வண்டி பண்ணாரியிலிருந்து திம்பம் வரையுள்ள 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, உரமும் விதையும் கொண்டுபோய், காய்கறி ஏற்றித் திரும்புவது வழக்கம். ஓடிய தூரம் மாதந்தோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, டீசல் செலவு மட்டும் நான்கு மாதங்களாக ஏறிக்கொண்டே வந்திருந்தது. அதைச் சிவப்பு மையால் குறித்தோம். குழுவினரோ ஓட்டுநர் டீசலை வெளியில் விற்கிறார் என்று முடிவு கட்டி, அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீசும் எழுதி வைத்திருந்தனர்.

ஓட்டுநரை அழைத்து விசாரித்தோம். “ஏத்தத்திலே எஞ்சின் கத்துதுங்க, வண்டி போகமாட்டேங்குதுங்க. கிளட்ச்சைப் பாக்கோணும்னு ரெண்டு தடவை சொல்லிட்டேனுங்க” என்றார் அவர். அவர் சொன்னதைக் கேட்டவர் உண்டு; எழுதி வைத்தவர் இல்லை.

கிளட்ச் என்பது எஞ்சினையும் கியர் பெட்டியையும் வேண்டும்போது இணைக்கவும் பிரிக்கவும் பயன்படும் உறுப்பு. எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும், வில்லின் விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே உராய்வுப் பூச்சுடைய வட்டத் தட்டு ஒன்று உண்டு. மிதியை அழுத்தினால் பிடி விடுகிறது. காலை எடுத்தால் தட்டு இறுகப் பிடிக்கப்பட்டு எஞ்சினுடன் சேர்ந்து சுழலுகிறது. பூச்சு தேயத் தேயப் பிடி தளர்கிறது. பம்பு செட்டில் பெல்ட் நழுவக் கண்ட உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும், எண்ணெய் செலவாகும், தண்ணீர் மட்டும் வராது.

அறிகுறிகளுள் முதன்மையானது இந்த நழுவலே. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் எஞ்சினின் ஓசை உயரும். வேகம் அதற்கேற்ப உயராது. சமதரையில் வெறும் வண்டியில் இது தெரியாது. பாரம் ஏற்றி மேட்டில், உயர்ந்த கியரில் செல்லும்போதே முதலில் வெளிப்படும். இரண்டாவது, வண்டி நகரத் தொடங்கும் இடம் மாறுதல். முன்பு மிதியைப் பாதி விட்டவுடன் நகர்ந்த வண்டி, இப்போது முழுவதும் விட்ட பிறகே நகரும். கேபிளால் இயங்கும் கிளட்சில் இது நன்கு புலப்படும்; ஹைட்ராலிக் கிளட்சில் அவ்வளவாகத் தெரியாது. மூன்றாவது, மேடேறியபின் எழும் கருகல் நாற்றம். நான்காவது, புறப்படும்போது வண்டி உதறுதல்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடாத குறைகளும் உண்டு. மிதியை முழுவதும் அழுத்தியும் கியர் கரகரத்து விழ மறுத்தால், கிளட்ச் சரியாகப் பிரியவில்லை என்று பொருள்; கேபிளையோ ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவையோ முதலில் பார்க்க வேண்டும். மிதியை அழுத்தும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கை ஐயுறலாம். நழுவும் கிளட்செல்லாம் தேய்ந்தது என்றும் கொள்ளலாகாது. கேபிள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தாலும், தட்டின்மேல் எண்ணெய் கசிந்திருந்தாலும் அது நழுவும். ஆகவே புதுத் தட்டு வாங்குமுன் இவ்விரண்டையும் சோதிக்கும்படி மெக்கானிக்கிடம் கேட்பது சிக்கனமாகும். டீசல் செலவு உயர்வதற்கும் காற்றுக் குறைந்த டயர், விடாது உரசும் பிரேக் எனப் பிற காரணங்கள் உள.

சங்கத்து வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. சமதரையில், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, மூன்றாவது அல்லது நான்காவது கியரில் போட்டுக் கிளட்ச் மிதியை மெல்ல விட வேண்டும். பிடி நன்றாயிருந்தால் எஞ்சின் உடனே நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் கிளட்ச் நழுவுகிறது. உடனே மிதியை அழுத்தி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் செய்தால் சோதனையே தட்டைத் தேய்த்துவிடும்.

அச்சங்கத்தில் தலைவர் முன்னிலையில் இச்சோதனையைச் செய்வித்தோம். எஞ்சின் நிற்கவில்லை. பட்டறையில் கியர் பெட்டியை இறக்கிப் பார்த்தபோது, தட்டின் பூச்சு ஆணித்தலை வரை தேய்ந்து, அவ்வாணிகள் பிளைவீலின் முகத்தையும் கீறியிருந்தன. முதன்முறை ஓட்டுநர் சொன்னபோதே கவனித்திருந்தால் பிளைவீல் கெட்டிராது. கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியே பெருஞ்செலவாதலால், தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒருங்கே மாற்றச் செய்தோம். அடுத்த மாதத்து டீசல் கணக்கு பழைய அளவுக்கு இறங்கியது. தலைவர் அந்த நோட்டீசை ஓட்டுநர் எதிரிலேயே கிழித்துப் போட்டார். நாமும் நமது குறிப்பைத் திருத்தி எழுதினோம். ஒரு நேர்மையான தொழிலாளியின் பெயர் கெடுவதற்கு நமது சிவப்பு மையும் துணைபோக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கிளட்ச் நீடித்து உழைப்பது பெரிதும் காலின் பழக்கத்தைப் பொறுத்தது. ஓடும்போது மிதியின்மேல் காலை வைத்திருத்தல், மேட்டில் வண்டியைப் பிரேக்கால் நிறுத்தாமல் அரைக் கிளட்சில் தாங்கிப் பிடித்தல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஆகிய மூன்றும் அதன் ஆயுளைக் குறைக்கும். கடைசிக் குற்றம் பெரும்பாலும் ஓட்டுநருடையதன்று. ஒரு நடையை மிச்சப்படுத்த எண்ணுகிற நம்முடையதே.

ஒவ்வொரு சங்கமும் தன் வண்டிப் பதிவேட்டில் ஓடிய தூரம், டீசல் ஆகியவற்றோடு ‘ஓட்டுநர் கண்ட குறை’ என்று ஒரு பத்தியையும் சேர்த்து, அதைக் காரியதரிசி வாரந்தோறும் படித்துக் கையொப்பமிட ஏற்பாடு செய்தல் வேண்டும். தறியின் ஓசை மாறினால் நெய்பவருக்கு முதலில் தெரிவதுபோல, வண்டியின் குறை அதை ஓட்டுபவருக்கே முதலில் தெரியும். அவர் சொல்வதை எழுதி வைக்கச் செலவு ஒன்றுமில்லை.