கொல்லைப்புறத்துத் திருடன் யார்?

தென்னை மரத்தடியில் நாலைந்து குரும்பைகள் உதிர்ந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு துவாரம். உடனே வீட்டில் பஞ்சாயத்துக் கூடிவிடுகிறது. "எல்லாம் இந்த அணில் பண்ணுகிற அட்டூழியம்" என்கிறார் வீட்டுக்காரர். "ராமர் முதுகில் தடவிக்கொடுத்த ஜீவனைத் திட்டாதேடா! மரநாயாக இருக்கும்" என்கிறாள் பாட்டி. வேலிக்கு அப்பால் நிற்கும் அடுத்த வீட்டுக்காரரோ, "எதுவானால் என்ன, ஸார்? கடையிலே மருந்து விற்கிறான். வாங்கி வையுங்கள், எல்லாம் ஒழிந்துவிடும்!" என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறார்.

இந்தத் தீர்ப்பில்தான் ஆபத்து இருக்கிறது. இப்போது கிடைக்கும் எலி மருந்துகளில் பலவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரிந்துவிட்டுத்தான் சாகிறது. அதைப் பிடித்துத் தின்னும் கூகையும் பூனையும் கூடச் சேர்ந்து மடிகின்றன. கூகை போனால் எலிகளுக்குக் கொண்டாட்டம்! தவழும் குழந்தை உள்ள வீடானால் அபாயத்தைச் சொல்லவே வேண்டாம். ஆகவே தண்டனைக்கு முன்னால் விசாரணை நடக்கட்டும். அதற்குப் பெரிய துப்பறியும் நிபுணர் தேவையில்லை. கொஞ்சம் பொறுமை உள்ள யாரும் செய்துவிடலாம்.

பகலா, இரவா?

முதல் கேள்வி இதுதான். அணில் சூரியனோடு எழுந்து சூரியனோடு உறங்கும் பிராணி. குரங்கும் அப்படியே. எலி, மரநாய், பழந்தின்னி வௌவால், முள்ளம்பன்றி ஆகிய நால்வரும் இரவுக் கட்சி. அந்தி வேளையில் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கி, விழுந்து கிடப்பவற்றை அப்புறப்படுத்திவிடுங்கள். பொழுது புலரும்போது போய்ப் பாருங்கள். புதிதாகக் காய்கள் கிடந்தால், அணிலையும் குரங்கையும் அந்தக் குற்றத்திலிருந்து விடுதலை செய்துவிடலாம்.

பல் சொல்லும் சேதி

அடுத்தபடியாகக் காயைக் கையில் எடுத்து, துவாரத்தின் விளிம்பைக் கவனியுங்கள். எலி, அணில், முள்ளம்பன்றி மூன்றும் கொறிக்கும் ஜாதி. இவற்றின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். உளியால் செதுக்கியது போல, அருகருகே இணை கோடுகளாக அவற்றின் தடம் விழும்.

தென்னையில் எலியின் வேலைக்கு ஓர் அடையாளம் உண்டு. காம்பை ஒட்டிய பக்கத்தில்தான் அது சாதாரணமாகத் துளை போடும். இளங்காயில் மட்டை மிருதுவாக இருப்பது அங்கேதான். மரத்தின் உச்சியில் மட்டைகளுக்கு நடுவே கூடு கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தும் எலிகள் கீழே இறங்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மரத்தின் ஓலை அடுத்த மரத்தைத் தொட்டால் அதுவே அவற்றுக்குப் பாலம்!

குரங்கின் காரியம் வேறு தினுசு. ஒரு கடி கடித்து, பிடிக்காவிட்டால் எறிந்துவிட்டு அடுத்ததைப் பறிக்கும். பிஞ்சு, காய், தளிர் என்ற பேதமே கிடையாது. முறிந்த கிளைகளும் பாதி கடித்த காய்களும் இறைந்து கிடந்தால், வந்தது ஒரு கூட்டம் என்று அறியலாம். அதற்குச் சாட்சி தேட வேண்டியதே இல்லை. தெரு முழுவதும் பார்த்திருக்கும்.

பழத்தைத் தொட்டது யார்?

கொய்யா, சப்போட்டா, மா போன்ற பழ மரங்களில் வழக்கு இன்னும் சுவாரஸ்யமானது. இங்கே முக்கியச் சந்தேக நபர்கள் வௌவாலும் மரநாயும். இருவருக்கும் கனிந்த பழமே இஷ்டம். ஆனால் சாப்பிடுகிற முறையில் வித்தியாசம் இருக்கிறது.

வௌவால் பழத்தை மென்று, நாவினால் மேலண்ணத்தோடு அழுத்திச் சாற்றை மட்டும் விழுங்கும். நாரைச் சக்கையாகத் துப்பிவிடும். உலர்ந்த சின்னச் சின்னச் சக்கை உருண்டைகள் கிடந்தால் அதன் கையெழுத்து என்று கொள்ளலாம். சில வேளைகளில் பழத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மரத்தில் போய்த் தின்னும். உங்கள் வீட்டு மரத்தடியில் உங்களிடம் இல்லாத பழத்தின் கொட்டைகள் குவிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்!

மரநாய் கொட்டையோடு விழுங்கும். அது நம் நாயின் ஜாதியல்ல; புனுகுப்பூனைக்கு உறவு. மதில் மேலோ, கூரை மேலோ, விழுந்து கிடக்கும் கட்டை மேலோ எச்சமிட்டுச் செல்லும். அந்த எச்சத்தில் முழு முழு விதைகளாக இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம்.

வௌவால் விஷயத்தில் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2018-ஆம் ஆண்டு கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் பல உயிர்களைப் பலி கொண்ட நிபா வைரஸ், பழந்தின்னி வௌவால்களிடம் இயற்கையாகவே இருப்பது. "பாதிதானே கடித்திருக்கிறது" என்று மீதிப் பாதியை நறுக்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கடிபட்ட பழம் எதுவானாலும் வெறுங்கையால் தொடாமல் குழியில் போட்டு மூடிவிடுங்கள். சோப்பால் கை கழுவுங்கள்.

அடிமரத்தில் காயம்

காயும் கனியும் போனால் அடுத்த பருவத்தில் வரும். பட்டை போனால் மரமே போய்விடும். இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். சுற்றிலும் ஒட்டியாணம் போட்டாற்போலப் பட்டை உரிந்துவிட்டால், வேர் பட்டினி கிடந்து, நாளடைவில் மரம் பட்டுவிடும்.

மலையடிவாரத்துக் கிராமங்களில் இந்தக் குற்றம் பெரும்பாலும் முள்ளம்பன்றியினுடையது. நம் நாட்டு முள்ளம்பன்றிக்கு மரம் ஏறத் தெரியாது. எனவே காயம் தரையை ஒட்டியே இருக்கும். பல் தடம் எலியினுடையதைவிட நன்றாக அகன்றிருக்கும். பக்கத்தில் கிழங்குக்காக மண்ணைத் தோண்டிய அடையாளமும், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முள் ஒன்றும் கிடைத்தால் வேறு சாட்சியம் வேண்டாம். அது முள்ளை அம்பாக எய்யும் என்பது வெறும் கதை. முள் தானாகவே கழன்று விழுவதுண்டு, அவ்வளவுதான்.

விலங்கே இல்லாத திருட்டு

சில சமயம் குற்றவாளி நாலு கால் பிராணியே அல்ல. தென்னங்கீற்று விரியும்போது கத்தரியால் முக்கோணமாக நறுக்கியது போல இருந்தால், அது காண்டாமிருக வண்டு. குருத்துக்குள் இருக்கையிலேயே குடைந்துவிட்ட அடையாளம் அது. எருக்குழியில்தான் அது முட்டையிட்டுப் பெருகும். கொல்லையில் எருக்குப்பை மக்கிக்கொண்டிருந்தால் முதலில் அதைக் கிளறிப் பாருங்கள். மாமரத் தண்டில் துளையும், அதிலிருந்து மரத்தூள் போன்ற சக்கையும் வழிந்தால், உள்ளே தண்டு துளைக்கும் புழு இருக்கிறது. இதற்கெல்லாம் அணில் என்ன செய்யும், பாவம்!

கோலமாவுச் சாட்சி

இன்னும் ஐயம் தீரவில்லையா? இரவில் மரத்தைச் சுற்றி நைஸான மணலையோ கோலமாவையோ மெல்லியதாகத் தூவி வையுங்கள். காலையில் விரல்களை எண்ணுங்கள். நாய்க்கும் பூனைக்கும் தடத்தில் நாலு விரல். பூனைக்கு நகம் பதியாது. மரநாய்க்கு ஐந்து விரல். எலிக்கு முன்னங்காலில் நாலு, பின்னங்காலில் ஐந்து. தடமே இல்லாமல் காய் மட்டும் விழுந்திருந்தால், வந்தவர் பறந்து வந்திருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே மாடியில் குடியிருக்க வேண்டும்!

தண்டனை

ஆள் தெரிந்த பிறகு வழி சுலபம். எலியானால், உச்சியைச் சுத்தம் செய்து கூட்டைக் கலைத்தபின், ஆறேழு அடி உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரத்தைத் தண்டைச் சுற்றி அடித்துவிடுங்கள். வழுக்கும் தகரத்தில் அதனால் ஏற முடியாது. ஓலைகள் பக்கத்து மரத்தைத் தொட்டால் மட்டும் இந்த உபாயம் பலிக்காது. வௌவாலும் மரநாயும் ஆனால், பழக்குலைகளுக்குத் துணிப்பை கட்டலாம். தொளதொளவென்று வலை போட்டால் வௌவால் சிக்கி மடியும். இலுப்பைக்கும் இலவ மரத்துக்கும் இரவில் மகரந்தம் சுமக்கும் பிராணி அது. முள்ளம்பன்றிக்கு அடிமரத்தைச் சுற்றிக் கம்பி வலை போதும். அதையும் மரநாயையும் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதோ எல்லாவற்றையும்விடக் கொடுமை. பந்து எடுக்க வரும் பிள்ளையை அது பிரித்தறியாது.

கூகை வந்து உட்கார்ந்தால் அபசகுனம் என்று கல்லெறிகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டக்காரர்கள் அதே கூகைக்குப் பெட்டி வைத்து வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், எலியைப் பிடிப்பதற்காக. சம்பளம் கேட்காத அந்தக் காவற்காரனை நாமும் விரட்டாமல் இருந்தால் போதும். உங்கள் தென்னைக்கு இரவுப் பாராவுக்கு ஆள் கிடைத்துவிட்டது!