கேரவனில் ஊட்டிக்குப் போறீங்களா?

மைசூரிலிருந்து பந்திப்பூர், முதுமலை வழியாக கேரவனிலோ, ட்ரெய்லர் இழுக்கும் ஜீப்பிலோ ஊட்டிக்கு வர்றீங்களா? புறப்படும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

இ-பாஸ்: வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இது கட்டாயம். செல்போனிலேயே பதிவு செய்யலாம். காட்டில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். பாஸை முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைச்சுக்கோங்க.

நேரம்: யானை, புலி நடமாடும் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். மாலைக்குள் காட்டைக் கடந்துவிடுங்கள்.

வழி: தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழியாக ஊட்டி சுமார் 36 கி.மீ. கிட்டத்தில்தானே என்று திரும்பிடாதீங்க. செங்குத்தான ஏற்றம், 36 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டி ஒரே வீச்சில் திரும்பாது. கூடலூர் வழி சுமார் 67 கி.மீ. சுற்று என்றாலும் பெரிய வண்டிக்கு அதுவே ஏற்றது.

இறக்கம்: ட்ரெய்லரின் எடை வண்டியை முன்னால் தள்ளும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். பல உயிர்கள் போவது இப்படித்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.