குரங்கு வைரஸும் இரண்டு குற்றச்சாட்டுகளும்

தடுப்பூசியில் குரங்கின் புற்றுநோய் வைரஸ் கலந்திருக்கிறது என்னும் செய்தி 2023-ஆம் ஆண்டு முதல் கைப்பேசிகளில் உலவி வருகிறது. வாசகர்களில் பலர் அதைக் கண்டிருக்கலாம். வதந்தி என்று ஒதுக்கிவிடுவது எளிது. அஞ்சி நடுங்குவதும் எளிது. ஆனால், ஏறக்குறைய இதே குற்றச்சாட்டு முன்பு ஒரு முறை முற்றிலும் உண்மையாக இருந்தது. முதலில் அந்த வரலாற்றைக் காண்போம்.

இளம்பிள்ளை வாதத்திற்கு ஜோனஸ் சால்க் கண்டறிந்த தடுப்பூசிக்கு அமெரிக்க அரசு 1955 ஏப்ரல் 12 அன்று உரிமம் வழங்கியது. வைரஸை வளர்க்க உயிருள்ள உயிரணுக்கள் தேவை. அதற்கு ரீசஸ் போன்ற குரங்குகளின் சிறுநீரகங்களை எடுத்துப் பயன்படுத்தினர். வளர்ந்த வைரஸைப் பார்மால்டிஹைடு என்னும் வேதிப்பொருளால் கொன்று மருந்தாக்கினர். குரங்கின் சிறுநீரகத்தில் வேறு வைரஸ்கள் குடியிருந்தால் என்ன ஆகும்? இக்கேள்வி அப்போதே எழுந்தது. ஆயினும் உருப்பெருக்கியில் பார்த்தவரை உயிரணுக்கள் நலமாகவே இருந்தன.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய பெர்னிஸ் எடி என்னும் பெண் விஞ்ஞானி அந்தச் சிறுநீரக உயிரணுக்களின் சாற்றை ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். பலவற்றுக்குக் கட்டிகள் தோன்றின. 1960-இல் மேலதிகாரியிடம் கூறியபோது அவர் பொருட்படுத்தவில்லை. பின்னர் எடியிடமிருந்து தடுப்பூசிக் கட்டுப்பாட்டு வேலையே பறிக்கப்பட்டது. இத்தனைக்கும் 1954-இலேயே, கட்டர் நிறுவனத்தின் மருந்தில் உயிருள்ள போலியோ வைரஸ் இருப்பதைக் கண்டு எச்சரித்தவரும் இவரே. அந்த எச்சரிக்கையும் செவியேறவில்லை. அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தின் மருந்தால் சுமார் 200 பேர் முடமாயினர். 10 பேர் இறந்தனர்.

அதே 1960-இல் மெர்க் நிறுவனத்தைச் சேர்ந்த பென் ஸ்வீட், மாரிஸ் ஹில்மன் ஆகிய இருவரும் புதிரை அவிழ்த்தனர். ரீசஸ் குரங்கின் உயிரணுவில் அந்த வைரஸ் எவ்வித அடையாளமும் காட்டாமல் பதுங்கியிருந்தது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் இட்டபோதோ உள்ளே குமிழ் குமிழாக வெற்றிடங்கள் தோன்றின! குரங்கு வைரஸ் வரிசையில் நாற்பதாவது ஆகையால் எஸ்.வி.40 என்று பெயரிட்டனர். பார்மால்டிஹைடில் அது போலியோ வைரஸைப்போல் விரைவில் சாவதில்லை. ஆகவே சில தொகுதிகளில் உயிரோடு எஞ்சியது. புதிய தொகுதிகளில் எஸ்.வி.40 இருக்கலாகாது என்று 1961-இல் விதி வந்தது. பழைய இருப்போ 1963 வரை செலவாயிற்று. அமெரிக்காவில் மட்டும் 1 கோடி முதல் 3 கோடிப் பேர் வரை அந்த வைரஸுக்கு ஆளாகியிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.

அவர்களுக்குப் புற்றுநோய் மிகுந்ததா? மக்கள்தொகை ஆய்வுகள் பல அப்படிக் காட்டவில்லை. ஆயினும், சான்று இரு பக்கமும் போதாது என்றுதான் 2002-இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் குழு கூறியது. 1990-களில் சிலர் மனிதக் கட்டிகளில் எஸ்.வி.40-இன் டி.என்.ஏ.வைக் கண்டதாக அறிவித்தனர். அவர்கள் கையாண்ட பி.சி.ஆர். முறை டி.என்.ஏ.வை இரட்டித்துக்கொண்டே போகும். ஒரே ஒரு துண்டு 30 சுற்றில் 107 கோடி ஆகும், கணக்கிட்டுப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒட்டிக் கிடக்கும் ஒரு துளியும் நோயாளியின் சான்றாக மாறிவிடும். எஸ்.வி.40-இன் சில துண்டுகளோ மரபணுப் பொறியியலில் அன்றாடக் கருவிகள். பிளாஸ்மிட் என்னும் வளைய டி.என்.ஏ.க்கள் பலவற்றில் அவை உண்டு. 2004-இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கிற்று. பிளாஸ்மிட்டில் வழக்கமாக உள்ள பகுதியைத் தேடினால் வைரஸ் அடிக்கடி 'கிடைத்தது'; பிளாஸ்மிட்டில் இல்லாத பகுதியைத் தேடினால் ஏறக்குறைய கிடைக்கவேயில்லை.

இனி 2023-க்கு வருவோம். பைசர் நிறுவனத்தின் கோவிட் தடுப்பூசியைச் செய்வதற்கான பிளாஸ்மிட்டில் எஸ்.வி.40-இன் ஒரு துண்டு இருந்தது. அது மருந்தில் சிறிது எஞ்சியிருப்பதும் உண்மையே. கனடா நாட்டுச் சுகாதாரத் துறை அதை உறுதி செய்ததோடு, நிறுவனம் இத்துண்டைத் தனியே சுட்டிக்காட்டவில்லை என்றும் கூறியது. சுட்டிக்காட்டியிருக்கவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அது வைரஸ் அன்று. எஸ்.வி.40-இன் 5,243 எழுத்துக்களில் சில நூறு மட்டுமே அதில் உள்ளன. கட்டி உண்டாக்கும் புரதத்திற்கான மரபணு அதில் இல்லை.

எஞ்சிய டி.என்.ஏ. அளவுக்கு மீறியதா என்பதே அடுத்த வாதம். ஒரு வேளை மருந்தில் 10 நானோகிராம் வரை அனுமதி. முதலில் சோதிக்கப்பட்ட குப்பிகள் யார் அனுப்பியவை என்று தெரியாமல், குளிர்க்கட்டியும் இன்றி அஞ்சலில் வந்தவை. இயற்பியல் ஆசிரியனான என்னை உறுத்துவது மற்றொன்று. கைகர் எண்ணியைக் கையாளும் மாணவன், கதிரியக்கப் பொருளை வைக்குமுன் வெறும் அறையின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வான். பிறகு அதைக் கழிப்பான். மிகையான டி.என்.ஏ. என்று அறிவித்த அளவீடுகள் பல ஒளிரும் சாயத்தால் எடுக்கப்பட்டவை. அச்சாயம் ஆர்.என்.ஏ.வோடும் சற்றே ஒளிரும். ஒரு வேளை மருந்தில் ஆர்.என்.ஏ. 30 மைக்ரோகிராம், அதாவது 30,000 நானோகிராம்! ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிர்ந்தாலும் 30 நானோகிராம் டி.என்.ஏ. போலத் தோன்றும். ஆகவே, ஆர்.என்.ஏ.வை நொதியால் அழித்து, அழிந்ததா என்பதையும் சரிபார்த்த பின்னரே சாயத்தின் கணக்கை ஏற்கமுடியும்.

நம் நாட்டில் பெரும்பாலோர் பெற்ற கோவிஷீல்டும் கோவாக்சினும் இம்முறையில் செய்யப்பட்டவை அல்ல. கோவாக்சினுக்கான வைரஸ் வளர்க்கப்படுவது வீரோ என்னும் உயிரணுக்களில். ஜப்பானில் 1962-இல் ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து, அன்று முதல் கண்ணாடிக் கலங்களில் பெருக்கப்பட்டு வருபவை அவை. அக்குரங்கு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு: எஸ்.வி.40 நுழைந்தால் குமிழ் எழுப்பிக் காட்டிக்கொடுக்கும் அதே இனம்.